நோய்க்கு ஊர்ப் பெயரும் இனப் பெயரும் வைப்பது இனவெறியா?

வைகைக்கரை எழுதியது:

மருத்துவப் பாடநூல்களில் "மதுரா ஃபுட்" என்று ஒரு நோய் இருக்கிறது. நம் மதுரையின் பெயர்தான். செருப்பில்லாமல் வயலிலும் காட்டிலும் நடப்பவர்களுக்கு முள் குத்தும்போது, மண்ணில் இருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ காலுக்குள் போய்விடும். ஆரம்பத்தில் வலி இருக்காது, அதனால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வருடக்கணக்கில் கால் வீங்கி, அங்கங்கே துளை விழுந்து, சீழோடு கறுப்பாகவோ மஞ்சளாகவோ சிறு மணிகள் வெளியே வரும். முற்றிவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும். 1842இல் மதுரையில் வேலை பார்த்த கில் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதைக் குறித்து வைத்தார். ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் பம்பாயில் வான்டைக் கார்ட்டர் இதற்குப் பூஞ்சையே காரணம் என்று கண்டு "மைசெட்டோமா" என்று பெயர் வைத்தார். அப்படியும் அந்தப் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் "மதுரெல்லா" என்றுதான் ஆனது. இன்று இந்த நோய் மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் ஒன்று சூடான். அங்கே ஓர் ஏழை விவசாயியின் காலில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது.

இது எனக்கு வருத்தம் தரவில்லை. ஆனால் 2020இல் அமெரிக்க அதிபரே "சீன வைரஸ்" என்று சொன்னபோது கோபம் வந்தது. 2021இல் உலகமே "இந்திய வேரியன்ட்" என்று சொன்னபோதும் வந்தது. ஒன்று உறைக்கவில்லை, மற்றொன்று ஏன் உறைக்கிறது? இடத்தின் பெயரால் நோயை அழைப்பதே இனவெறியா, இல்லை வேறு ஏதோ ஒன்று அதை இனவெறி ஆக்குகிறதா? நோய்க்கு இடப் பெயர் வேண்டாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். உங்கள் கருத்து வேண்டும்.

---

தென்றல்72 எழுதியது:

என் பதில்: இல்லை. ஊர்ப் பெயர் என்பது முகவரி. எங்கே முதலில் பார்த்தார்களோ அதன் பெயரை வைப்பது அறிவியலில் பழைய வழக்கம். லைம் நோய் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். நோரோவைரஸ் ஒஹையோவின் நார்வாக் ஊர், 1968. மார்பர்க் காய்ச்சல் ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரம், 1967. ஜிகா உகாண்டாவில் ஒரு காடு. நம் பக்கத்திலேயே, 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்ட நோய்க்கு கியாசனூர் காட்டுநோய் என்று பெயர். அமெரிக்கனும் ஜெர்மானியனும் கன்னடக்காரனும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள். இதில் எந்த இனத்தைத் தாழ்த்துகிறார்கள்?

இனவெறிப் பெயர் எது என்று கேட்டால் ஒன்றைக் காட்டுகிறேன். இன்று டவுன் சின்ட்ரோம் என்கிறோமே, அதை 1866இல் ஜான் லாங்டன் டவுன் "மங்கோலிய" வகை என்று எழுதினார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளை இனவாரியாகப் பிரிக்கலாம் என்பது அவருடைய கருத்து. அந்தப் பெயரே ஒரு பொய்யான இனக் கோட்பாட்டிலிருந்து வந்தது. 1961இல் மரபியலாளர்கள் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் அதைக் கைவிடச் சொன்னார்கள். 1965இல் மங்கோலிய நாடே உலக சுகாதார நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டது. கைவிட்டது முழுக்கச் சரி. ஆனால் அதையும் "லைம்" என்ற ஊர்ப் பெயரையும் ஒரே தட்டில் வைத்தால் உண்மையான இனவெறியைச் சிறிதாக்குகிறோம் என்று பொருள்.

---

பொன்னி_மருத்துவர் எழுதியது:

தென்றல் ஐயா, "முதலில் பார்த்த இடம்" என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. வரலாற்றில் அப்படி நடக்கவில்லை.

ஸ்பானிஷ் ஃப்ளூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1918 மார்ச்சில் அமெரிக்காவின் கேன்சஸில் ஃபன்ஸ்டன் ராணுவ முகாமில் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் படுத்துவிட்டார்கள். முதலாம் உலகப் போரில் இருந்த நாடுகள் செய்தியைத் தணிக்கை செய்தன. ஸ்பெயின் போரில் இல்லை, அதனால் அங்கே பத்திரிகைகள் எழுதின. அரசர் 13ஆம் அல்போன்சோவுக்கே காய்ச்சல் வந்ததும் அது உலகச் செய்தி ஆனது. உண்மையை எழுதிய நாட்டின் தலையில் நோயின் பெயர் விழுந்தது. ஸ்பெயின்காரர்களோ அதை இத்தாலிய நகரம் ஒன்றின் பெயரால் "நேப்பிள்ஸ் சிப்பாய்" என்றார்கள். நம் நாட்டில் அது பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்தது, அதனால் "பம்பாய்க் காய்ச்சல்" ஆனது. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேல் செத்தார்கள். கொண்டுவந்தவை போரிலிருந்து திரும்பிய கப்பல்கள். பெயர் கிடைத்தது பம்பாய்க்கு.

இதற்கு நானூறு வருடம் முன்னால் போனால் சிபிலிஸ் என்ற பாலியல் நோய். 1495இல் பிரெஞ்சு அரசன் 8ஆம் சார்லஸின் படை நேப்பிள்ஸைப் பிடித்தபோது இந்த நோய் வெடித்தது. இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ரஷ்யர்களுக்கு அது போலந்து நோய், போலந்துக்காரர்களுக்கு ஜெர்மன் நோய். ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத பக்கத்து நாட்டின் பெயரை வைத்தார்கள். முகவரி எழுதுகிறவன் இப்படியா எழுதுவான்? இது விரல் நீட்டிக் குற்றம் சாட்டுவது.

---

மன்னார்க்கடல் எழுதியது:

பொன்னி அக்கா சொன்ன அந்தப் பட்டியலில் எங்களையும் சேர்க்க வேணும். தமிழில் சிபிலிஸுக்குப் "பறங்கிப் புண்" என்று பெயர். பறங்கி என்றால் போர்த்துக்கீசர், பொதுவாக ஐரோப்பியர். 16ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசமும் அதைப் பிரங்க ரோகம் என்றுதான் சொல்கிறது. அதற்கு மருந்தாகப் போர்த்துக்கீசக் கப்பல்களில் வந்த சீனக் கிழங்குக்கும் பறங்கிப்பட்டை என்று பெயர் விழுந்தது. இன்றைக்கும் நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறோம்.

இலங்கையில் இது இன்னும் சிக்கல். இங்கே "பறங்கி" என்ற வருத்தம் (நோய்) வேறு. யாஸ் என்கிற தோல் வருத்தம் அது. கிருமி சிபிலிஸின் நெருங்கிய உறவு, ஆனால் இது பாலுறவால் வருவதில்லை. வறுமைப்பட்ட கிராமங்களில், கூடுதலாகப் பிள்ளைகளுக்கு, தோல் படுவதால் தொற்றும். வன்னியிலும் வடமத்தியப் பகுதியிலும் சனங்கள் தலைமுறை தலைமுறையாக இதில் அழிந்தார்கள். பறங்கியர் என்றொரு சமூகம் இன்றும் இலங்கையில் வாழ்கிறது. அயலில் இருக்கும் ஒரு சமூகத்தின் பெயரையே ஒரு புண்ணுக்கு வைத்துப் புழங்கியிருக்கிறோம். வெள்ளைக்காரன் மட்டும்தான் இதைச் செய்தான் என்று கதைத்தால் அது நேர்மை இல்லை.

---

சேலம்_குமரன் எழுதியது:

மெட்ராஸ் ஐ? அதை நாமே சொல்கிறோமே. யாருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

குமரன், அதே கண்நோய்க்கு 1971இல் கல்கத்தாவில் என்ன பெயர் தெரியுமா? "ஜெய் பங்களா". கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து போருக்குத் தப்பி லட்சக்கணக்கில் அகதிகள் வந்தார்கள். அந்த நேரத்தில் கண்நோயும் பரவியது. அவர்களுடைய விடுதலை முழக்கத்தையே நோய்க்குப் பெயராக வைத்துவிட்டார்கள். மெட்ராஸ் ஐ என்று சொன்னால் சென்னைக்காரரைப் பார்த்து யாரும் ஒதுங்குவதில்லை. முகாமில் கூழுக்கு வரிசையில் நின்ற அகதியின் நிலை வேறு. நான் கேட்கும் வித்தியாசம் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது.

---

நியூஜெர்சி_மீனா எழுதியது:

வைகைக்கரை அண்ணா, நீங்கள் தேடும் வித்தியாசத்துக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகள்.

1993 மே மாதம், நான்கு மாநிலங்கள் கூடும் தென்மேற்குப் பகுதியில் ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத் திணறி திடீரென்று இறந்தார்கள். முதலில் இறந்தவர்களில் பலர் நவஹோ பழங்குடியினர். பத்திரிகைகள் "நவஹோ ஃப்ளூ" என்று எழுதின. உணவகங்களில் நவஹோ மக்களுக்குப் பரிமாறத் தயங்கினார்கள். வெளியூர்ப் பள்ளிக்குப் போகவிருந்த நவஹோ குழந்தைகளை வர வேண்டாம் என்றார்கள். உண்மையில் அது மான் சுண்டெலியின் எச்சத்திலிருந்து வரும் ஹன்டா வைரஸ். மழை அதிகம் பெய்து காட்டுக் கொட்டைகள் நிறைய விளைந்த வருடங்களில் எலி பெருகும், நோயும் வரும் என்று நவஹோ பெரியவர்களே ஆய்வாளர்களுக்குச் சொன்னார்கள். பெயர் வைக்கும்போது முதலில் அந்த வட்டாரத்தின் பெயரைச் சொன்னார்கள், எதிர்ப்பு வந்தது. பிறகு ஒரு பள்ளத்தாக்கின் பெயர், அதற்கும் நவஹோ மக்கள் எதிர்ப்பு. கடைசியில் ஸ்பானிய மொழியில் "சின் நோம்ப்ரே", அதாவது பெயரில்லாதது, என்று வைத்தார்கள். இன்றும் அதுதான் அதன் பெயர்.

இரண்டாவது கரீபியன் தீவு நாடான ஹைட்டி. எய்ட்ஸ் வந்த புதிதில், 1983இல், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆபத்தான பிரிவினர் என்று பட்டியல் போட்டபோது ஒருபாலுறவு ஆண்கள், ஊசி போதைப் பழக்கம் உள்ளவர்கள், ஹீமோஃபீலியா நோயாளிகள் ஆகியோரோடு ஹைட்டியர்களையும் சேர்த்தது. மற்ற மூன்றும் ஒருவருடைய நடத்தை அல்லது உடல்நிலை. நான்காவது மட்டும் ஒரு நாட்டில் பிறந்தது. ஹைட்டியர்கள் வேலை இழந்தார்கள், வீடு கிடைக்கவில்லை, அந்த நாட்டின் சுற்றுலா சரிந்தது. 1985இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆனாலும் 1990இல் ஹைட்டியர் எவரும் ரத்ததானம் செய்யக் கூடாது என்று அரசு சொன்னது. புரூக்ளின் பாலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டு நடந்த பிறகுதான் அது பின்வாங்கியது. இங்கே நோய்க்கு ஹைட்டி என்று யாரும் அதிகாரபூர்வமாகப் பெயர்கூட வைக்கவில்லை. நோயோடு நாட்டைச் சேர்த்துச் சொன்னதே போதுமானதாக இருந்தது.

தென்றல் ஐயா, லைம் ஊர்க்காரருக்கு இதில் ஏதாவது நடந்ததா?

---

தென்றல்72 எழுதியது:

மீனா, நடக்கவில்லை. நவஹோ, ஹைட்டி இரண்டும் அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்களே சொன்னதைக் கவனியுங்கள்: ஹைட்டியில் பெயரே இல்லாமல் அநியாயம் நடந்தது. அப்படியானால் பெயரை மாற்றினால் என்ன சரியாகும்?

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் புது கொரோனா வகையைக் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னார்கள். அதற்கு ஓமைக்ரான் என்று கிரேக்க எழுத்தில் சுத்தமான பெயர். அப்படியிருந்தும் ஒரு சில நாளில் நாடு நாடாகத் தென்னாப்பிரிக்க விமானங்களுக்குத் தடை. நெதர்லாந்தில் அதற்கு முன்பே எடுத்த மாதிரிகளில் அதே வகை இருந்தது பிறகு தெரிந்தது. பெயர் காப்பாற்றவில்லை.

இன்னொன்று, இது நம் வீட்டுக் கதை. 2008இல் ஸ்வீடனில் வசித்த இந்திய வம்சாவளி நோயாளி ஒருவர் டெல்லியில் சிகிச்சை எடுத்துத் திரும்பியபோது, கடைசிக் கட்டமாக வைத்திருக்கும் ஆன்டிபயாட்டிக்குகளையே செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியை அவரிடமிருந்த பாக்டீரியாவில் கண்டுபிடித்தார்கள். "நியூ டெல்லி" என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக என்டிஎம்-1. இந்த வகை நொதிகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது வழக்கம்: வெரோனா, சாவ் பாவ்லோ, சியோல் எல்லாம் உண்டு. 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை வந்ததும் டெல்லியில் கொந்தளிப்பு. இந்தியாவின் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். 2011இல் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பெயருக்காக மன்னிப்பே கேட்டார். அதே வருடம் இன்னொரு ஆய்வு வந்தது: டெல்லியில் தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய் நீர் மாதிரிகள் 50இல் 2இலும் அந்த மரபணு. குழாய்த் தண்ணீரில்! நாடு எதைப் பற்றிக் கொந்தளித்திருக்க வேண்டும்? அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஏழைக்குப் பெயர் முக்கியமா, குழாய் முக்கியமா?

அவமானம் என்று சொல்லி அரசுகள் நோயை மறைப்பதற்கு இந்தப் பெயர் விவாதம் ஒரு வசதியான திரை ஆகிவிடுகிறது. எனக்குப் பயம் அதில்தான்.

---

வைகைக்கரை எழுதியது:

தென்றல் ஐயா, டெல்லித் தண்ணீர் பற்றி நீங்கள் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. ஆனால் அதே எடுத்துக்காட்டை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். நொதிக்கு "வெரோனா" என்று பெயர் வைத்ததால் இத்தாலியர்கள் எவருக்கும் விசா மறுக்கப்படவில்லை. "நியூ டெல்லி" என்றதும் எல்லா நாட்டுச் செய்தித்தாளிலும் தலைப்பு. பெயரிடும் வழக்கம் ஒன்றுதான், கேட்கும் காது ஒன்றில்லை. ஆசியா, ஆப்பிரிக்கா என்றால் அழுக்கு, நோய் என்ற எண்ணம் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கிறது. காலராவை "ஆசியக் காலரா" என்று 19ஆம் நூற்றாண்டு முழுக்கச் சொன்னார்கள். லண்டனில் அது பரவியது லண்டனின் சாக்கடை கலந்த தண்ணீரால்.

மார்பர்க்கையே பாருங்கள். பெயர் ஜெர்மனியுடையது. ஜெர்மானியரைப் பார்த்து யாராவது பயந்தார்களா? மார்பர்க் காய்ச்சல் என்றால் இன்றும் எல்லோர் மனதிலும் வருவது ஆப்பிரிக்கா. ஜெர்மன் ஊர்ப் பெயர் ஜெர்மானியரைத் தொடவில்லை, அவர்களிடம் பலம் இருக்கிறது. "நவஹோ" என்ற பெயர் உணவகத்தில் சாப்பிட வந்த பாட்டியைத் தொட்டது.

அதனால் என் நிலை இதுதான். ஒரு பெயர் இனவெறியா என்பதை அகராதியில் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பெயரைக் கேட்டவன் தெருவில் இறங்கினால் கைநீட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு முகம் அவனுக்குக் கிடைக்கிறதா, அந்த முகத்துக்குத் திருப்பிக் கேட்க முடியுமா, முடியாதா? கிடைக்கும் என்று தெரிந்தே பெயர் வைத்தால் அது இனவெறிதான். "சீன வைரஸ்" என்று சொன்னவருக்கு 2020 மார்ச்சில் அது தெரியும். நோய்க்கு வேறு பெயர் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

---

வேளச்சேரி_அன்பு எழுதியது:

அந்த "முகம்" பற்றி ஒன்று. 2020இல் சென்னையில் சலூனிலும் உணவகத்திலும் வேலை செய்த மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளைப் பார்த்துத் தெருவில் "கொரோனா" என்று கத்தினார்கள். நானே கேட்டிருக்கிறேன். அவர்கள் இந்தியர்கள். சீனாவைப் பார்த்ததே இல்லை. முகச்சாயல் மட்டும்தான் குற்றம். இந்தியா முழுக்க இதே நிலை.

அதே வருடம் ஜூனில் சென்னையில் தொற்று ஏறியபோது, ஊருக்குத் திரும்பிய சென்னைக்காரர்களைச் சொந்த ஊரிலேயே உள்ளே விடவில்லை. "சென்னையிலிருந்து வந்தவன்" என்பதே ஒரு நோயின் பெயர் ஆகியிருந்தது. அதற்கு முன் கோயம்பேடு. காய்கறி மூட்டை தூக்கியவர்களைப் பார்த்து "கோயம்பேடு கேஸ்" என்றார்கள். தென்றல் ஐயா சொல்வது போல முகவரிதான். அந்த முகவரியில் வாழ்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

---

பொன்னி_மருத்துவர் எழுதியது:

வைகைக்கரை விதியை மட்டும் சொல்லக் கூடாது என்றார். விதிக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லிவிட்டு விதிக்கு வருகிறேன்.

1976இல் அன்றைய ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) யம்புக்கு என்ற கிராமத்தின் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு கொடிய காய்ச்சல். ஆய்வுக் குழு இரவில் உட்கார்ந்து பெயர் யோசித்தது. சில வருடம் முன்பு நைஜீரியாவின் லஸ்ஸா ஊரின் பெயரை ஒரு காய்ச்சலுக்கு வைத்து, அந்த ஊர் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். யம்புக்கு என்று வைத்தால் அந்தக் கிராமத்தையே ஒதுக்கிவிடுவார்கள் என்று தள்ளியிருந்த ஒரு ஆற்றின் பெயரை வைத்தார்கள். எபோலா. ஆற்றுக்கு அவமானம் இல்லை. 2015 விதிக்கு 39 வருடம் முன்பே களத்தில் நின்ற மருத்துவர்களுக்கு இது புரிந்திருக்கிறது.

2015 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் இதன் தொடர்ச்சிதான். புது நோய்க்கு இடம், ஆள், விலங்கு, உணவு, தொழில், இனம் எதன் பெயரும் வேண்டாம். நோயின் குறி, யாரைத் தாக்குகிறது, எந்தக் கிருமி என்பதை வைத்துப் பெயர் வையுங்கள். விலங்கு ஏன் என்றால், 2009இல் "பன்றிக் காய்ச்சல்" என்ற பெயரைக் கேட்டு எகிப்து அரசு நாட்டிலிருந்த ஏறத்தாழ 3 லட்சம் பன்றிகளைக் கொன்றது. அந்தக் காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவியது. பன்றி வளர்த்தவர்கள் கெய்ரோவின் குப்பை அள்ளும் ஏழைக் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய பிழைப்பு ஒரு பெயரால் போனது.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த விதி புதிதாக வரும் நோய்களுக்கு. பழைய பெயர்களை எல்லாம் தோண்டி மாற்றச் சொல்லவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் தெரிந்தது 1955இல் நம் வேலூர்ப் பக்கம். அந்தப் பெயரில்தான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போகிறது. அதை மாற்றினால் தாய்மாருக்குக் குழப்பம் வருமே தவிர ஜப்பானியருக்கு ஒரு நன்மையும் இல்லை. எனக்கு அதில் தென்றல் ஐயாவோடு உடன்பாடு.

---

தென்றல்72 எழுதியது:

நன்றி டாக்டர். ஆய்வகத்துக்குள் நொதிக்கும் மரபணு வகைக்கும் ஊர்ப் பெயர் இருக்கட்டும், தெருவுக்கு வரும் பெயருக்கு இந்த விதி இருக்கட்டும் என்றால் நான் ஒத்துக்கொள்வேன். வேரியன்ட்களுக்கு 2021 மே 31இல் கிரேக்க எழுத்து வைத்தது அந்த வகையில் நல்ல வேலை. ஆனால் "இந்திய வேரியன்ட்" என்ற சொல்லை நீக்கச் சொல்லி அதே மே மாதம் சமூக வலைத்தளங்களுக்கு நம் அரசு கடிதம் அனுப்பியபோது, கங்கையில் பிணங்கள் மிதந்துகொண்டிருந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. பெயரைத் திருத்தும் அவசரம் ஆக்சிஜன் சிலிண்டருக்கு இருந்திருக்க வேண்டும்.

நிபா பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

மன்னார்க்கடல் எழுதியது:

நிபா மலேசியாவின் கம்போங் சுங்கை நிபா என்ற கிராமம், ஐயா. 1998, 99இல் பன்றிப் பண்ணைகளில் வந்தது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து நுளம்புக்கு (கொசுவுக்கு) மருந்தடித்தும் தடுப்பூசி போட்டும் மாதங்கள் வீணானது. 105 பேர் செத்தார்கள், ஏறக்குறைய 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. இப்போது கோழிக்கோட்டில் நிபா என்றால் அந்தக் கிராமத்தை யாருக்கும் நினைவில்லை. பெயர் ஊரை விட்டுத் தனியாகப் போய்விட்டது. ஊர்ச் சனங்களுக்கு அது ஆறுதலா இல்லையா என்று அவர்கள்தான் சொல்ல வேணும்.

---

பொன்னி_மருத்துவர் எழுதியது:

தமிழ்ப் பத்திரிகைகளில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 2022 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் குரங்கம்மைக்கு "எம்பாக்ஸ்" என்று பெயர் மாற்றிவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் பிரேசிலில் பழைய பெயரைக் கேட்டுக் குரங்குகளைக் கல்லால் அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள். நீங்கள் இன்னும் "குரங்கம்மை" என்றே தலைப்புப் போடுகிறீர்கள். கியாசனூர் நோயைக் "குரங்குக் காய்ச்சல்" என்று எழுதும்போதும் இதே கதை. அங்கே நோயைப் பரப்புவது உண்ணி. குரங்குகள்தான் முதலில் செத்து விழுந்து நமக்கு எச்சரிக்கை தருகின்றன. "எம்பாக்ஸ்", "கியாசனூர் காட்டுநோய்" என்று எழுதுங்கள். செய்தியில் ஒரே ஒரு முறை அடைப்புக்குறிக்குள் பழைய பெயரைச் சொன்னால் வாசகருக்குப் புரியும்.